அப்பா வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய பெயிண்ட், டியூப் லைட், பேட்டரி: எங்கே கொடுப்பது, புளோக்கில் ஒரு நாள் வைத்துச் சேகரிக்கலாமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிங்கப்பூரில், தோ பாயோவில் அப்பா இருந்த வீட்டைக் காலி செய்கிறீர்கள். ஸ்டோர் ரூமில் ஏழெட்டுப் பெயிண்ட் டின், பாதிப் பாட்டில் தின்னர், நான்கடி டியூப் லைட்டுகள், ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பேட்டரி, கண்ணாடித் தெர்மாமீட்டர், கரப்பான் மருந்து, அப்பாவின் மாத்திரைகள், உப்பிப்போன ஒரு பவர் பேங்க். இதையெல்லாம் எங்கே போடுவது என்பது ஒன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அக்கா இருக்கும் ஊரில் கவுண்டி (மாவட்ட) நிர்வாகமே வருடத்தில் சில நாள் இடம் ஒதுக்கி இதையெல்லாம் வாங்கிக்கொள்கிறதே, இங்கே ஏன் அப்படி இல்லை, தீபாவளிக்கு முன்னால் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நாங்களே ஒரு நாள் நடத்தினால் என்ன என்பது இன்னொன்று. நீங்கள் நிஜமாகக் கேட்க வந்தது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். நடத்தலாம். ஆனால் "வீட்டில் இருக்கும் ஆபத்தான சாமான் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்று போஸ்டர் ஒட்டி மட்டும் நடத்தாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். துவாஸ், ஜூரோங் பக்கம் ஆலைகளிலிருந்து நச்சுக் கழிவு எடுக்கும் வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதை லாரியில் ஏற்றாதே, எங்கே இறக்கப் போகிறாய் என்று தெரியாமல் அதை வாங்காதே: அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான், மீதியெல்லாம் இதற்கு உரை. ரசாயனம், லாரி, எரி ஆலை பற்றி எழுதுவதை நான் கையால் செய்து பார்த்திருக்கிறேன். மருந்து பற்றி எழுதுவதை ஒரு மருந்தாளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் மருத்துவத் துறை ஆள் இல்லை.

அக்கா ஊரில் ஏன் அந்த ஏற்பாடு வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 1976இல் வந்த கழிவுச் சட்டம் ஆலைகளின் ஆபத்தான கழிவைக் கட்டுக்குள் கொண்டுவந்தது, ஆனால் அதே பொருள் வீட்டிலிருந்து வந்தால் அதை ஆபத்தான கழிவுக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் தின்னரைக் குப்பையில் போட்டால் அது சாதாரணக் குப்பை. அங்கே ஊர்க் குப்பையில் பாதி நிலத்தில் புதைக்கப்படுகிறது. புதைத்த இடத்தில் மழை இறங்கினால், தின்னரும் பூச்சிமருந்தும் கலந்த கசிவு நீர் கீழே இறங்கும், நிலத்தடி நீரைக் குடிக்கிற ஊர்களுக்கு அது நேரடிப் பிரச்சினை. தனி வீடு, கராஜ், புல்வெளி, கார் எண்ணெய், களைக்கொல்லி என்று ஒவ்வொரு வீட்டிலும் சரக்கும் அதிகம். அதனால் மாவட்ட அளவில் மக்களிடம் தனியாக வாங்கும் ஏற்பாடுகள் வளர்ந்தன. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 1989இலிருந்து வேஸ்ட்மொபைல் என்ற பெயரில் ஒரு வண்டியே ஊர் ஊராகப் போகிறது. ஓரிகன் மாநிலம் 2009இல் சட்டம் போட்டு, மிச்சப் பெயிண்டைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைப் பெயிண்ட் தயாரிப்பாளர்கள் தலையில் வைத்தது. டின் வாங்கும்போதே ஒரு சிறு கட்டணம், மிச்சத்தை வாங்க ஒரு ஏற்பாடு.

இங்கே கதை வேறு. நம் மாடி வீடுகளின் குப்பைக் குழாயில் விழும் குப்பை நேராக எரி ஆலைக்குப் போகிறது. எரித்தால் அளவு ஏறத்தாழ 90 சதவீதம் குறையும், மிச்சச் சாம்பல் துவாஸிலிருந்து படகில் ஏறி, கடலில் உள்ள செமக்காவ் குப்பை நிரப்புநிலத்துக்குப் போகும். 1999இல் திறந்த அந்த இடத்தைச் சுற்றி 7 கிலோமீட்டர் கரை கட்டி, கசியாத படலம் விரித்திருக்கிறார்கள். 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அதிகாரிகளின் கணிப்பு. ஆக, உலர்ந்த பெயிண்டும் மாத்திரையும் 850 டிகிரிக்கு மேல் உள்ள உலையில் என்ன ஆகும் என்று கேட்டால், பெரும்பாலும் எரிந்து போகும், புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் மிச்சத்தைப் பிடிக்கும். எரித்து அழிக்க முடியாதது உலோகம். பாதரசம் ஆவியாகிப் புகையோடு போகும், காட்மியமும் ஈயமும் சாம்பலில் தங்கும். வெடிக்கிறதும் தீப்பிடிக்கிறதும் உலை வரைக்கும் காத்திருக்காது. இதுதான் இந்த ஊருக்கான கணக்கு: உங்கள் ஸ்டோர் ரூமிலிருந்து உலை வாய்வரை உள்ள தூரம்தான் ஆபத்து. ஒன்பதாவது மாடியிலிருந்து குழாயில் விழுந்து, கீழே தொட்டியில் அடிபட்டு, துப்புரவு ஊழியர் கை பட்டு, லாரிக்குள் நசுங்கிப் போகிற அந்தத் தூரம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் பட்டியல் தானாகப் பிரிந்துவிடும்.

பேட்டரி, விளக்கு, போன், லேப்டாப் வகைக்கு இங்கே முறையான வழி இருக்கிறது. 2019இன் வள நிலைத்தன்மைச் சட்டத்தின்கீழ், 2021 ஜூலை 1 முதல் மின்கழிவை எடுக்கும் செலவும் பொறுப்பும் தயாரிப்பாளர்களுடையது. முதல் ஐந்தாண்டுக்கு அதை நடத்தும் வேலை ஆல்பா நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. கடைத்தொகுதி, சமூக மன்றம், சில புளோக்குகளின் கீழ்த்தளம் என்று நீங்கள் பார்த்திருக்கும் அந்தப் பெட்டிகள் இதில் வந்தவைதான். எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல, சிலது பேட்டரிக்கு மட்டும், சிலது பேட்டரியும் பல்பும், சிலது போன் லேப்டாப்பும் சேர்த்து, அதனால் முன்னால் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துப் போடுங்கள். 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள மின்சாமான் கடைகள் உள்ளே பெட்டி வைத்தாக வேண்டும். புது ஃபிரிட்ஜ் வாங்கி வீட்டுக்கு வரும்போது பழையதை இலவசமாக எடுத்துப் போகவும் கடைக்காரர் கடமைப்பட்டவர், இதைக் கேட்காமல் காசு கொடுத்து ஆள் வைத்து எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திட்டம் தொடங்கியபோதைய பட்டியலில் நம் வீட்டு மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர் கிடையாது. பெட்டி முன்னால் கிரைண்டரை வைத்துவிட்டுப் போகும் அண்ணன்மாருக்காக இதைச் சொல்கிறேன். அவற்றுக்குப் பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரர் சரியான ஆள். (கூனி என்பது நம் கோணிக்கு உறவுச் சொல்தான், சாக்குக்காரர்.) ஆனால் ஃபிரிட்ஜையும் ஏர்கானையும் அவரிடம் கொடுக்காதீர்கள். செம்புக்காகக் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு வெளியேறிவிடும், அது வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

பிஸ்கட் டின் பேட்டரிகளை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்தச் சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரி. அதன் இரண்டு முனையும் ஒரே பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அதன் மேல் ஒரு சாவியோ இன்னொரு பேட்டரியின் உலோக அடியோ படுத்தால் சுற்று முடிந்துவிடும். தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப்போட்ட பேட்டரியில்கூடச் சூடு கிளப்பும் அளவு மிச்சம் இருக்கும். முனைகளில் சலோஃபன் டேப் ஒட்டுங்கள், ஒரு நிமிட வேலை. பொத்தான் பேட்டரிகளையும் இரு பக்கமும் டேப் ஒட்டி, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், நேரே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம்.

பவர் பேங்க் தனிக் கதை. உப்பியிருக்கிறது என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அதைக் குத்தினாலோ மடக்கினாலோ தனக்குத் தானே சூடேறிக் கொழுந்துவிட்டு எரியும். நல்ல நிலையில் இருக்கும் பவர் பேங்க் என்றால் பெட்டியில் போடலாம், உப்பியதைப் போடக் கூடாது, மற்ற நூறு பேட்டரிகளுக்கு நடுவே அது எரிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள் (ஒருவர் இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்திருந்தார்). பழைய மைலோ டின்னில் அரை அளவு காய்ந்த மணல் போட்டு, அதில் படுக்க வைத்து, மேலேயும் மணல் போட்டு, மூடியை இறுக்காமல் சும்மா வைத்து, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். பிறகு மின்கழிவுத் திட்ட நிறுவனத்துக்கு அழைத்து, உப்பியது என்ற வார்த்தையைச் சொல்லி, எங்கே கொண்டு வருவது என்று கேளுங்கள். மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் பேட்டரிக்கும் இதே வழிதான், பெட்டிக்குள் போடுகிற சாமான் அது இல்லை.

டியூப் லைட்டில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். ஒன்று உடைந்தால் யாரும் சாகப்போவதில்லை, ஆனால் வீட்டுக்கு நான்கு என்று ஒரு நகரமே குழாயில் போட்டால் அது வேறு கணக்கு. உடையாததைத் துணியிலோ பழைய அட்டை உறையிலோ சுற்றி, விளக்குக்கான துளை உள்ள பெட்டிக்குக் கொண்டு போங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, கால் மணி நேரம் விட்டு, அட்டையால் சில்லுகளை அள்ளி, தூளை டேப்பால் ஒற்றி எடுத்து, இரண்டு பைக்குள் கட்டுங்கள். வேக்யூம் போடாதீர்கள், விளக்குமாறால் பெருக்காதீர்கள், இரண்டும் தூளைக் காற்றில் கிளப்பும். இந்தத் தலைவலி மெல்ல மறையும் என்பது நல்ல செய்தி: பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்பாட்டை சிங்கப்பூர் 2017இல் ஏற்றது, பாதரச டியூப் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவது என்று அந்த உடன்பாட்டின் நாடுகள் 2023இல் முடிவெடுத்தன.

தெர்மாமீட்டரை டியூப் லைட்டோடு சேர்த்து நினைக்காதீர்கள். விளக்கில் இருப்பது மில்லிகிராம், காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை, அதாவது நூறு மடங்குக்கும் மேல். உங்கள் பட்டியல் முழுவதிலும் குப்பைக் குழாயில் போடவே கூடாத பொருள் எது என்று கேட்டால் பவர் பேங்கையும் இதையும் சொல்வேன். உடையாமல் இருக்கும்வரை அவசரம் இல்லை. பஞ்சு வைத்து, மூடி இறுகும் ஜாம் பாட்டிலில் போட்டு, வெளியே பாதரசம் என்று எழுதி வையுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேட்டு, உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளர் வழியாகக் கொடுங்கள். அந்தச் சேகரிப்பாளர்களின் பட்டியலை வாரியமே வெளியிடுகிறது. ஒருவேளை உடைந்தால், முதலில் கையில் இருக்கும் தங்க வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள், பாதரசம் தங்கத்தில் ஒட்டினால் வெள்ளையாகிவிடும், போகாது. உருளும் மணிகளைக் காகித ஓரத்தால் ஒன்றுசேர்த்து மருந்துச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி அதே பாட்டிலில் விடுங்கள். எங்கள் அம்மா அதைக் கையில் உருட்டி விளையாடக் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் காலம் அப்படி.

சரி, பெயிண்ட். இங்கே வீட்டுப் பெயிண்டைத் திரும்ப வாங்கும் நாடளாவிய ஏற்பாடு கிடையாது. அதனால் கையில் இருப்பதைப் பிரிக்க வேண்டும். சுவருக்கு அடிப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் எமல்ஷன், கதவுக்கும் கேட்டுக்கும் அடித்தது எண்ணெய்ப் பெயிண்ட். டின்னில் பெயர் அழிந்திருந்தால், பிரஷை எதில் கழுவச் சொல்கிறது என்ற வரியைத் தேடிப் பாருங்கள், தண்ணீர் என்றால் எமல்ஷன், தின்னர் அல்லது டர்பன்டைன் என்றால் எண்ணெய். எமல்ஷனைத் திறந்து குச்சியால் கிளறுங்கள், கலங்கி ஒன்றுசேர்ந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம். தயிர் திரிந்த மாதிரி கட்டியாக நின்றாலோ அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ அது முடிந்தது. முடிந்ததை ஓர் அட்டைப் பெட்டியில் பிளாஸ்டிக் விரித்து, பூனை மணலோ கிழித்த செய்தித்தாளோ போட்டு, அதன் மேல் மெல்லிசாக ஊற்றிக் காயவிடுங்கள். டின்னோடு திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டும், அடியில் ஒரு மாதமானாலும் ஈரம். கல்லாகக் காய்ந்தபின் பைக்குள் கட்டிக் குப்பையில் போடலாம். காலி டின்னை நினைத்து வருந்த வேண்டாம், எரி ஆலைச் சாம்பலிலிருந்து இரும்பைக் காந்தத்தால் பிரித்து எடுக்கிறார்கள். எண்ணெய்ப் பெயிண்ட் கொஞ்சம்தான் என்றால் இதே முறை, ஆனால் சமையலறையை விட்டுத் தள்ளி, நல்ல காற்றோட்டத்தில், பற்றவைக்கிற எதுவும் இல்லாத இடத்தில். அரை டின்னுக்கு மேல் என்றால் வீட்டில் காயவைக்காதீர்கள், சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

தின்னர் மட்டும்தான் எனக்கு நிஜமாகப் பிடிக்காத சாமான். குழாயில் போட்டால் பாட்டில் கீழே உடையும், ஆவி குழாய் முழுக்க ஏறும், பிறகு அணைக்காத ஒரு சிகரெட் துண்டு போதும். ஆவியாகிப் போகட்டும் என்று வீட்டுக்குள் திறந்து வைப்பதும் அதே முட்டாள்தனம்தான், அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்புப் பக்கம் போகும். அப்பா வீட்டில் இருப்பதைத் தற்காலிகமாக உங்கள் பொங்கோல் வீட்டு பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே கட்டிய பாதுகாப்பு அறை) வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம், கனத்த கதவு, காற்றோட்டம் குறைந்த அறை, தின்னர் வைக்க அதைவிட மோசமான இடம் உங்கள் வீட்டில் இல்லை. வேலைசெய்யும் பெயிண்டர் யாரையாவது தெரிந்தால் அவரிடம் கொடுங்கள், ஒரு நாளில் தீர்த்துவிடுவார். அக்கம்பக்கத்து ஹார்ட்வேர் கடையில் கேட்டுப் பாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் சேகரிப்பாளர்தான், ஒரு பாட்டிலுக்காக அவர் கேட்கும் தொகை அநியாயமாகத் தோன்றும், அதனால்தான் நாலு வீடு சேர்ந்து அழைப்பது நல்லது. இன்னொன்று, கதவுக்கு எண்ணெய் வார்னிஷ் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் பையில் கட்டுங்கள்.

ஊற்றிவிட்டால் போச்சு என்று சொல்பவர்களுக்கு ஒரு வரி. வீட்டுக்குள் இருக்கும் சிங்க் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது, அங்கிருந்து நீர் மீட்பு ஆலைக்கு, அங்கே சுத்தமாகி ஒரு பகுதி நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீராகத் திரும்பி வருகிறது. கீழே புளோக்கைச் சுற்றியுள்ள கால்வாய் மழைநீர்க் கால்வாய். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்தக் கால்வாய் பெரும்பாலும் ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். சிங்க்கில் ஊற்றினால் ஆலைக்காரன் கஷ்டப்படுவான், கால்வாயில் ஊற்றினால் நாமே குடிக்கிறோம்.

மீதியைச் சீக்கிரம் முடிக்கிறேன். கரப்பான் ஸ்ப்ரே, ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் கேஸ் கேன் இரண்டையும் முழுக்கத் தீர்த்துவிட்டுப் போடுங்கள், அழுத்தம் மிச்சமிருக்கும் கேன் லாரிக்குள் நசுங்கினால் வெடிக்கும், ஆணியால் ஓட்டை போடும் வீரமும் வேண்டாம். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் கிடைத்தால் பைக்குள் ஒட்டி மூடிப் போடுங்கள், பிள்ளைகள் எழுதுகிற சாக்பீஸ் என்று எடுத்துவிடுவார்கள். அந்துருண்டையும் அப்படியே. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உண்டா என்று பார்க்கிறார்களே, அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டை ரத்த அணுக்களை உடைக்கும், அதனால் உருண்டையோடு கிடந்த பழைய துணிகளையும் துவைக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்பாவின் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்ட வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, காப்பித்தூள் சக்கையோடு கலந்து, மூடிய பையில் குப்பையில் போடலாம், மருந்துச் சீட்டில் உள்ள பெயரையும் அடையாள எண்ணையும் கிழித்துவிடுங்கள். புற்றுநோய் மருந்து, வலிக்கு ஒட்டும் பேட்ச் மாதிரி ஏதாவது இருந்தால் அது கொடுத்த மருத்துவமனை மருந்தகத்துக்கே திருப்புங்கள். இன்சுலின் ஊசி இருந்தால் துணி துவைக்கும் திரவம் வந்த கனத்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை ஒட்டி, ஊசி என்று எழுதிய பிறகே வெளியே போக வேண்டும். குப்பை அள்ளும் தம்பிகள் பலர் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பை கிழிந்து ஊசி குத்திய கையோடு ஒருவரை நான் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறேன், சோதனை முடிவு வரும்வரை அவர் சாப்பிடவே இல்லை.

இப்போது உங்கள் சேகரிப்பு நாள். சில வருடங்களுக்கு முன் ஒரு பேட்டையில் நான் தொண்டூழியராகப் போன நாளைச் சொல்கிறேன், எந்தப் பேட்டை என்பது வேண்டாம். எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்று நான்கு மொழியில் போஸ்டர். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நன்றாகவே இருந்தது, மடக்கு மேசை, பிளாஸ்டிக் கூடைகள், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அங்கிள் ஹண்ட்ரட் பிளஸ் குளிர்பானப் பாட்டிலில் லேசான மஞ்சள் நீர் கொண்டு வந்தார், பிள்ளை அதை வாங்கி, பழைய குளோரக்ஸ் பிளீச் பாட்டில்கள் இருந்த கூடையில் படுக்க வைத்துவிட்டது. அது டைல்ஸில் ஒட்டிய சிமெண்டை எடுக்கும் அமிலம். மூடி சரியாக இறுகவில்லை. நான் கையில் கறி பஃபோடு நின்றிருந்தேன், நீச்சல்குள வாசனை மாதிரி ஒன்று வந்தது, அடுத்த மூச்சில் தொண்டை எரிந்தது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு. கூடையைத் தொடாமல் எல்லோரையும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்தினோம், திறந்த கீழ்த்தளமாக இருந்ததால் சில நிமிடத்தில் கலைந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடிய அறையில் நடந்திருந்தால் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத மாட்டேன். அதைவிட எனக்கு மறக்காதது அப்புறம் நடந்தது. வாங்கிய பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து எல்லாம் வசிப்போர் குழு அறையில் மூன்று வாரம் கிடந்தது, பக்கத்திலேயே பாலர் பள்ளி. யாரும் சேகரிப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யவில்லை. நூறு வீட்டில் கால் லிட்டர் கால் லிட்டராகச் சிதறிக் கிடந்ததை ஒரே அறையில் கொண்டு வந்து சேர்த்ததுதான் அந்த நாளின் பலன்.

அதனால் நீங்கள் நடத்துவதாக இருந்தால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எதை யார் எடுத்துப் போவார் என்று எழுத்தில் வாங்கிய பிறகு, அதை மட்டும் போஸ்டரில் போடுங்கள். முதல் தடவை பேட்டரி, விளக்கு, போன், லேப்டாப் இவ்வளவு போதும், மின்கழிவுத் திட்ட நிறுவனம் வட்டாரங்களில் சேகரிப்பு நாள்கள் நடத்துவது உண்டு, அவர்களையும் நகர மன்றத்தையும் முதலிலேயே அணுகுங்கள். அவர்கள் லாரி அன்று மாலையே வர வேண்டும், இரவு எதுவும் கீழ்த்தளத்தில் தங்கக் கூடாது. வாங்கும் மேசையில் ஒரு டேப் உருளை, ஒரு மணல் வாளி, ஒரு தீயணைப்பான், உப்பிய பேட்டரிக்குத் தனியாக ஒரு டின். பெயர் இல்லாத திரவம் வந்தால் வாங்காதீர்கள், பணிவாகத் திருப்பி அனுப்புங்கள், மனசு கேட்காது, ஆனால் திருப்புங்கள். பிள்ளைகள் படம் வரையட்டும், வழி காட்டட்டும், வாங்குகிற இடத்தில் வேண்டாம். பெயிண்டுக்கு ஒரு மாற்று மேசை போடலாம்: நல்ல எமல்ஷன், மூடி திறக்கும் டின், நிறம் வெளியே தெரியும்படி ஒரு பொட்டு. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வைத்தால் பாதி டின் அங்கேயே கை மாறிவிடும், எப்படியும் நம் ஆட்கள் சுவர் அடிக்கப் போகிறவர்கள்தான். மிச்சம் இருப்பதைக் கொண்டு வந்தவரே திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எண்ணெய்ப் பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து இவற்றுக்கு நாள் வைக்காமல், பெயர் மட்டும் வாங்கி ஒரு பட்டியல் போடுங்கள், யார் வீட்டில் என்ன, எவ்வளவு என்று. பட்டியலைப் பார்த்து உரிமம் பெற்ற சேகரிப்பாளர் விலை சொல்வார், பங்கு போட்டுக்கொள்ளலாம், சாமான் அதுவரை அவரவர் வீட்டிலேயே இருக்கும்.

இதில் எதெல்லாம் கேள்விக்குரியது என்றும் சொல்ல வேண்டும். சாதாரண ஏஏ ஆல்கலைன் பேட்டரியை மறுசுழற்சி செய்வதில் எவ்வளவு லாபம் என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, அதில் இன்று பாதரசம் சேர்ப்பதில்லை, கிடைக்கும் துத்தநாகமும் மாங்கனீசும் சேகரிக்கும் செலவுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பெட்டியில் போடச் சொல்வேன், எது ஆல்கலைன் எது லித்தியம் என்று பார்த்துப் பிரிக்கும் பொறுமை வீட்டில் யாருக்கும் இல்லை, ஒரே பழக்கமாக இருந்தால் லித்தியமும் தவறாமல் போய்ச் சேரும். ஓரிகன் மாதிரி பெயிண்டுக்கு ஒரு திட்டம் இங்கே வேண்டுமா என்றால், வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம், மின்கழிவில் செய்ததைப் பெயிண்டில் செய்ய முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. எல்லாம் எரிகிறதே, தனியாக எதற்கு என்று வாதிடுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் நான் தின்னர் பாட்டிலைத்தான் காட்டுவேன்.

இன்று மாலை அப்பா வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் மற்றதெல்லாம் இருக்கட்டும், பவர் பேங்கை மணல் டின்னில் வைத்துவிட்டு, தெர்மாமீட்டரை ஜாம் பாட்டிலில் போடுங்கள். தின்னர் மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்தில் பிளீச்சோ அமிலமோ இருந்தால் அவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைத் தள்ளி வையுங்கள். பெயிண்ட் டின்களின் மூடியைப் போனில் படம் எடுத்து இங்கே போட்டால் எது எமல்ஷன், எது எண்ணெய் என்று பிரித்துச் சொல்கிறேன்.